கதிர்வீச்சு மருத்துவர் அம்மாவுக்கு என்ன செய்வார்?

மலேசியாவின் பந்திங் தோட்டத்தில் இருக்கும் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை முடிந்து, புத்ராஜெயாவில் உள்ள தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்குக் கதிர்வீச்சு சிகிச்சைக்காக அனுப்பியிருக்கிறார்கள். அங்கே மருத்துவர் என்ன செய்வார், வீட்டில் பேரப்பிள்ளைகள் அவரோடு படுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், தாராளமாகப் படுக்கலாம். வெளியிலிருந்து இயந்திரம் பாய்ச்சும் கதிர் உடம்பில் தங்காது.

மருத்துவரின் பெரிய வேலை இயந்திரம் ஓடுவதற்கு முன்பே நடக்கிறது. அம்மாவைப் படுக்கவைத்து சிடி ஸ்கேன் எடுப்பார்கள். அடையாளத்துக்காகத் தோலில் சிறு புள்ளிகள் குத்துவார்கள். அந்தப் படத்தை ஒவ்வொரு அடுக்காகப் பார்த்து, கதிர் எங்கே விழ வேண்டும், இதயமும் நுரையீரலும் எங்கே என்று மருத்துவர் கோடு போடுவார். கட்டி இடப்பக்கம் என்றால் இதயத்தைக் காப்பது இன்னும் முக்கியம். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வதும் அதற்காகத்தான். அப்புறம் மருத்துவ இயற்பியலாளர் கதிர் அளவுக் கணக்கைச் சரிபார்ப்பார். இந்தக் காத்திருப்பைத் தாமதம் என்று நினைத்துக் கோபப்படாதீர்கள்.

மார்பகத்துக்கு இப்போது பரவலாகக் கொடுப்பது 40 கிரே (கிரே என்பது கதிரின் அளவு), 15 தடவையாக, 3 வாரம், சனி ஞாயிறு விடுமுறை. ஒரு தடவைக்குச் சில நிமிடம்தான், வலிக்காது. தோல் சிவந்து எரியலாம், அசதி வரலாம். வாராவாரம் மருத்துவர் பார்க்கும்போது அம்மா "ஒண்ணுமில்ல டாக்டர்" என்று சொல்லிவிடுவார். நீங்கள் கூடவே போய் உள்ளதைச் சொல்லுங்கள். மஞ்சள், எண்ணெய் எதையும் கேட்காமல் பூச வேண்டாம்.

தினமும் போய்வரும் செலவால் சிலர் சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிடுவதுண்டு. முதல் நாளே மருத்துவமனையின் சமூகப் பணியாளரைக் கேளுங்கள்.