குழாயடிக் கேள்விகள்

(நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் ஃபிட்டராகச் சேர்ந்து மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: தண்ணீர் விட்டதும் முதல் பத்து நிமிஷம் சாக்கடை நாற்றம். அப்புறம் சரியாகிவிடுகிறது. புகார் கொடுத்தால் "லைன் பழசும்மா" என்கிறார்கள். பழசானால் நாற்றம் எப்படி வரும்? – ஒரு வாசகி

முதல் பத்து நிமிஷம் என்று எழுதினீர்களே அம்மா, பாதி விடை அதிலேயே இருக்கிறது. குழாயில் எந்நேரமும் அழுத்தம் இருந்தால், ஓட்டை இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் பீய்ச்சும். நாமோ ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு மணி நேரம் திறந்துவிட்டு வால்வை மூடிவிடுகிறோம். குழாய் காலியானதும் சுற்றியிருக்கும் ஈரமெல்லாம் ஓட்டை வழியாக உள்ளே இறங்கும். போதாக்குறைக்குத் தெருவில் நாலு வீட்டில் குழாயிலேயே நேராக மோட்டார் மாட்டி உறிஞ்சுவார்கள். அது உங்கள் பங்குத் தண்ணீரோடு சாக்கடையையும் சேர்த்து இழுக்கும். அடுத்த முறை வால்வைத் திறந்ததும் முதலில் வருவது அந்தச் சரக்குதான்.

சரி, ஓட்டை எங்கே? எல்லோரும் மெயினில், அதாவது தெருவில் ஓடும் பெரிய குழாயில்தான் தேடுவார்கள். நான் முதலில் பார்ப்பது மெயினிலிருந்து வாசலுக்கு வருகிற அரை அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை, அதுவும் அது சாக்கடையைக் கடக்கிற இடத்தை. குடிநீர்க் குழாய்க்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் நடுவே 3 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்பது பொறியாளர்களின் விதி. தெருவே பன்னிரண்டு அடி என்றால் விதியை எங்கே கொண்டுபோய்ப் பதிப்பது?

ஒரு தெருவில் இதே புகாருக்கு மூன்று நாள் ரோட்டைத் தோண்டினோம். ஒன்றும் அகப்படவில்லை. திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த பாட்டி, "எதிர்வீட்டைப் பாரு தம்பி, பூட்டிட்டுப் போய் ஆறு மாசமாச்சு" என்றார். அந்த வீட்டு இணைப்பைச் சாக்கடைக் கால்வாய்க்குள் கையால் தொட்டேன். அப்பளம் மாதிரி நொறுங்கியது. ஆள் இருந்தால் தண்ணீர் வரவில்லை என்று சண்டைக்கு வந்திருப்பார்கள். ஆள் இல்லாத வீட்டுக் குழாய்க்காக யார் வருவார்?

உங்கள் வீட்டுக் குழாயிலேயே குளோரின் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மீதி இருக்க வேண்டும். சாக்கடை கலந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். பரிசோதனை மருந்து விட்டாலும், குளோரின் இருந்தால் வருகிற மஞ்சள் நிறம் வராது. மூன்று நாள் தொடர்ந்து வராவிட்டால் அதையே எழுதிக் கொடுங்கள். நாற்றம் என்று எழுதினால் "இப்போது அடிக்கவில்லையே" என்று பதில் வரும். அதுவரை முதல் தண்ணீரைப் பிடிக்காதீர்கள்; பிடித்ததை நன்றாகக் கொதிக்கவையுங்கள்.

கேள்வி: சென்னையில் வெள்ளைக்காரர்கள் போட்ட குழாய்தான் இன்றைக்கும் உறுதியாமே? – ஒரு கல்லூரி மாணவர்

இரும்பு உறுதிதான், மறுக்கவில்லை. கணக்குதான் தவறியது. 1872-இல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் திறந்த கால்வாயில், வடிகட்டாமலே கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. மூடிய கால்வாயும் மணல் வடிகட்டிகளும் 1914-இல் வந்தன. செய்தவர் மேட்லி என்ற பொறியாளர், தி.நகர் மேட்லி ரோடு அவர் பெயர்தான். 1961-இல் நகரத்தில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று வைத்துக் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் திட்டம் போட்டார்கள். அந்த வருஷக் கணக்கெடுப்பில் 17 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

அந்தக் கால வார்ப்பிரும்புக் குழாயை இணைப்பதே ஒரு கலை. ஒரு குழாயின் அகன்ற வாய்க்குள் அடுத்த குழாயைச் சொருகி, இடுக்கில் சணலைத் திணித்து, காய்ச்சிய ஈயத்தை ஊற்றி, ஆறியதும் உளி வைத்துச் சுற்றிலும் அடிப்பார்கள். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் ஈயம் வெடித்து முகத்தில் தெறிக்கும். என் குருநாதரின் இடது புருவத்தில் அந்தத் தழும்பு உண்டு. இன்றைக்கு மேலே லாரி ஓட ஓட முதலில் ஆட்டம் காண்பது இந்த மூட்டுகள்தான்.

என் மேஜையில் நாலு அங்குலக் குழாயின் துண்டு ஒன்று இருக்கிறது. வெளியே பார்த்தால் நேற்றுப் போட்ட மாதிரி இருக்கும். உள்ளே துரு முடிச்சு முடிச்சாக வளர்ந்து, என் கட்டைவிரல் நுழைகிற அளவுக்குத்தான் வழி மிச்சம். கடைசி வீட்டுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று பம்பை மாற்றச் சொல்பவர்களிடம் அதைத்தான் காட்டுவேன்.

கேள்வி: புது ரோடு போட்ட மறுமாதமே குழாய்க்காகத் தோண்டுகிறார்களே, ஏன்? – ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்

ரோட்டுக்குப் பணம் ஒரு கணக்கில் வருகிறது, குழாய்க்கு இன்னொரு கணக்கில். இரண்டும் சந்திக்கிற இடம் உங்கள் வாசல். வேறு ரகசியம் கிடையாது சார். ரோடு போடப் போகிறார்கள் என்று தெரிந்தால் தெருக்காரர்கள் சேர்ந்து, முதலில் வீட்டு இணைப்புகளை மாற்றச் சொல்லி மனுக் கொடுங்கள். மெயினை மட்டும் புதிதாக்கிவிட்டுப் பழைய ஜி.ஐ.யை அதில் மாட்டுவது, புது வேட்டிக்குக் கிழிந்த கரை தைத்த கதை.

கேள்வி: பாதாள சாக்கடைக்கு மேலே ரோடு திடீரென்று உள்வாங்குகிறதே? – ஒரு வாசகர்

தேங்கிய கழிவுநீரிலிருந்து அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு எழும். குழாயின் கூரையில் இருக்கும் ஈரத்தில் நுண்ணுயிர்கள் அதைக் கந்தக அமிலமாக்கும். கான்கிரீட் மேலிருந்து கரையும். கீழே கழிவுநீர் வழக்கம்போல ஓடும், யாருக்கும் தெரியாது. கூரை போனதும் மேல்மண் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விழும். கடைசியில் ஒரு நாள் ரோடு விழும். அதே வாயுதான் உள்ளே இறங்குகிற மனிதரையும் கொல்கிறது. பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. "ஒரே நிமிஷ வேலைதான்" என்று யாராவது மூடியைத் திறந்தால் நீங்கள் தடுக்கலாம், தடுக்க வேண்டும். மொட்டைமாடி மழைநீரைப் பாதாள சாக்கடையில் விட்டிருந்தால் அதையும் இன்றே பிரியுங்கள். மழை நாளில் மூடி வழியாகப் பொங்குவதில் உங்கள் மாடித் தண்ணீரும் உண்டு.

கேள்வி: 24 மணி நேரமும் தண்ணீர் என்பதெல்லாம் நம் நாட்டில் நடக்குமா? – ஒரு வாசகி

ஒடிசாவின் புரியில் நடக்கிறது. 2021 ஜூலையிலிருந்து நகரம் முழுக்க, குழாயிலேயே பிடித்துக் குடிக்கிற மாதிரி. அங்கே மெயினோடு நிற்கவில்லை; வீட்டு இணைப்பையும் மீட்டரையும் சேர்த்தே கவனித்தார்கள்.

கேள்வி: மண்ணுக்குள் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று வரைபடம் இருக்குமே? – அதே கல்லூரி மாணவர்

இருக்கும் தம்பி. வால்வு திறக்கிறவர் தலைக்குள்ளே இருக்கும். அவர் ஓய்வு பெறும்போது அதுவும் வீட்டுக்குப் போய்விடும். போன மாதம் ஒரு இளம் இன்ஜினியர் எனக்குப் போன் செய்து, பிள்ளையார் கோவில் முனை வால்வு எங்கே என்று கேட்டார். "கோவில் படியிலிருந்து கிழக்கே நாலு அடி, தாருக்கு அடியில் ஒரு அடி" என்றேன். அரை மணி நேரம் கழித்து மறுபடி போன். "சார், படியையே இடிச்சுத் தள்ளிக் கட்டியிருக்காங்க சார்."