பத்தியமும் கல்லீரலும்

அன்புள்ள ஐயா,

ரத்ததான முகாமில் என் தம்பிக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்தது. கல்லீரல் செல்லில் பிஜிசி-1 ஆல்ஃபா என்ற ஜீனை மிகையாக வேலை செய்யவைத்தால் இந்த வைரஸ் பெருகுகிறது என்று படித்தேன். தம்பிக்கு அந்த ஜீன் கூடிவிட்டதா? வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, ஒருவேளை மட்டும் உப்பில்லாக் கஞ்சி ஊற்றுகிறார்கள்.

ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

தம்பிக்கு எந்த ஜீனும் கூடிவிடவில்லை. ‘மிகையாக வேலை செய்யவைப்பது’ என்று நீங்கள் படித்தது, ஆய்வகத்தில் வளர்க்கும் செல்லுக்குள் ஒரு ஜீனின் கூடுதல் பிரதியை நுழைத்து, என்ன மாறுகிறது என்று பார்க்கிற முறை. ஆனால் நம் எல்லோருக்கும் இருக்கிற ஜீன்தான் இது. உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் என்னைக் கவலைப்படுத்துகிறது.

ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் படுக்கிறோம். விடியும்வரை ரத்தத்தில் சர்க்கரை இறங்காமல் கல்லீரல்தான் தயாரித்து அனுப்புகிறது. பசி நேரத்தில் அந்த வேலையை முடுக்கிவிடுவது இந்த ஜீன். சர்க்கரை தயாரிக்கும் ஜீன்களுக்கு உள்ளதைப் போன்ற சுவிட்சுகள் வைரஸின் டிஎன்ஏவிலும் இருக்கின்றன. கல்லீரல் தன் வேலைக்காகத் தட்டும்போது வைரஸும் சேர்ந்து விழித்துக்கொள்கிறது. 2006இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். எலிகளைப் பட்டினி போட்டபோது வைரஸின் ஜீன்கள் அதிகம் இயங்கின, தீனி வைத்ததும் அடங்கின. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது, சரி. ஆனாலும் பட்டினி கிடந்தால் ஈரலுக்கு ஓய்வு என்று நம் பக்கம் சொல்வதைக் கேட்டால் வேதனையாக இருக்கிறது. சர்க்கரை தயாரிக்கும் உழைப்பு அதற்குப் பட்டினியில்தான் கூடுகிறது.

அப்புறம் கீழாநெல்லி. என் அம்மாவும் காமாலைக்கு மோரில் கலக்கிக் கொடுத்தவர்தான். இலைக்கு அடியில் வரிசையாகத் தொங்கும் அந்தக் குட்டிக் காய்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. 1988இல் சென்னை ஆய்வாளர்கள் அது இந்த வைரஸை நீக்குவதாக எழுதினார்கள். பின்னால் நடந்த சோதனைகளில் அது உறுதிப்படவில்லை.

தம்பிக்கு வயிறாரச் சோறு போடுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய், வைரஸின் அளவையும் ஈரல் பரிசோதனையையும் பற்றிக் கேளுங்கள். வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை இப்போதே வேண்டுமா என்பதை அவற்றைப் பார்த்து மருத்துவர் சொல்வார். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இதற்கான பரிசோதனையும் மருந்தும் இலவசம். வீட்டில் எல்லோரும் பரிசோதனை செய்து, தொற்று இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். அவனுக்கென்று தனித் தட்டு மட்டும் வைத்துவிடாதீர்கள். கூட உட்கார்ந்து சாப்பிடுவதால் இது தொற்றாது.