மறுமொழி: மார்ஃபாவில் ஒரே ஒரு பகல்
வணக்கம். எல் பாசோவிலிருந்து மூன்று மணி நேரம் காரோட்டி டெக்சஸின் சிற்றூரான மார்ஃபாவுக்குப் போய், அங்குள்ள சினாட்டி அறக்கட்டளை என்ற கலை அருங்காட்சியகத்தில் வெறும் அலுமினியப் பெட்டிகளைப் பார்ப்பது வீண் அலைச்சலா என்று கேட்டிருந்தீர்கள். வீணில்லை என்பேன். அமெரிக்கக் கலைஞர் டொனால்ட் ஜட்டின் அந்த 100 பெட்டிகளும் வெளி அளவில் ஒன்றே என்றாலும், உட்புற அமைப்பில் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. அவை வைக்கப்பட்டிருக்கும் பழைய பீரங்கிக் கொட்டகைகள் இரண்டின் அகன்ற சன்னல்கள் வழியே வெயில் சாயச் சாய, சற்றுமுன் கெட்டித் தகடாகத் தெரிந்தது கண்ணாடியைப்போலப் புல்வெளியைக் காட்டத் தொடங்கும். எண்ணிக்கொண்டு நடக்காமல், ஒரே பெட்டியின் அருகில் பத்து நிமிடம் நில்லுங்கள். வெளியே ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு நிற்கும் ஜட்டின் 15 கான்கிரீட் படைப்புகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள் (டெக்சஸ் உச்சிவெயிலில் அந்த நடை தண்டனைதான்). கொட்டகைகளுக்கான நேரத்தை முன்பதிவு செய்துகொண்டு புறப்படுங்கள்.