"சரிங்க டாக்டர்" என்று தலையாட்டிவிட்டுப் போகிறவர்களிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி: பல்லடம் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவராக இருக்கிறேன். சர்க்கரை, பிரஷருக்கு வருகிறவர்களில் விசைத்தறித் தொழிலாளிகள் நிறைய. பீடியை விடுங்கள் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. "சரிங்க டாக்டர்" என்பார்கள். அடுத்த மாதமும் அதே கதை. ஒரு பயிற்சியில் மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் (மாறுவதற்கான காரணத்தை நோயாளியையே சொல்லவைக்கும் பேச்சுமுறை) பற்றிச் சொன்னார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம்கூடக் கிடைக்காத ஓ.பி.யில் இதெல்லாம் நடக்குமா?

பதில்: முழுதாக நடக்காது. ஆனால் இதில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டாலே உங்கள் ஓ.பி.க்குப் போதும்.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் குடிநோயாளிகளை மனதில் வைத்து எழுதிய முறை இது. பிறகு ஸ்டீபன் ரால்னிக்கும் சேர்ந்து வளர்த்தார். அடிப்படை எளிது. பீடி பிடிப்பவருக்குள் விடணும் என்கிற ஆளும் இருக்கிறார், விடவேண்டாம் என்கிற ஆளும் இருக்கிறார். நீங்கள் முதல் ஆளின் கட்சியைப் பேசினால், அவர் தானாக இரண்டாவது ஆளுக்கு வக்கீலாகிவிடுவார். நம் பக்கத்தில் டாக்டரை யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள். தலையாட்டிக்கொண்டே "நைட் ஷிப்ட்ல பீடி இல்லாம கண்ணு முழிக்க முடியுமா" என்று உள்ளுக்குள் நினைத்துக்கொள்வார்கள். ஆக, விடுவதற்கான காரணம் அவர் வாயிலிருந்து வரவேண்டும்.

அதற்கு ஒரு கேள்வி. "பீடியை விடுறது உங்களுக்கு எவ்வளவு முக்கியமுங்க? பத்துக்கு எத்தனை போடுவீங்க?" நாலு என்கிறார் என்று வையுங்கள். "ஏன் பத்து இல்லை?" என்று கேட்டுவிடாதீர்கள், விடமுடியாத காரணங்களை வரிசையாக அடுக்குவார். "ஏன் ரெண்டுன்னு சொல்லாம நாலுன்னு சொன்னீங்க?" என்று கீழ்நோக்கிக் கேளுங்கள். "பேத்தி கிட்ட வந்தா மூக்கைப் பொத்திக்குதுங்க" என்று ஏதாவது வரும். அங்கே உபதேசம் வேண்டாம். "பேத்தி மடியில வந்து உட்காரணும்னு ஆசை" என்று அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். நம் டாக்டர்களுக்கு மிகக் கஷ்டமான இடம் அதுதான்! மேலே அவரே பேசுவார்.

நேரம் இருந்தால் இன்னொன்று: "விடலாம்னு முடிவு பண்ணினா, முடியும்கிற நம்பிக்கை பத்துக்கு எத்தனை?" முக்கியம் எட்டு, நம்பிக்கை இரண்டு என்றால் அவருக்குப் புத்திமதி தேவையில்லை, கைகொடுக்க ஆள் வேண்டும். நிகோடின் சூயிங்கம், 1800-112-356 என்ற இலவச உதவி எண் எல்லாம் அவருக்குத்தான். வயதானவர்களுக்கு எண்கள் பிடிபடாவிட்டால் "விட்டா என்ன நல்லது நடக்கும்னு தோணுது?" என்று கேட்டால் போதும்.

தகவல் சொல்லவேண்டிய இடத்தில், முதலில் அவருக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள். சர்க்கரையும் பீடியும் சேர்ந்தால் கால் என்ன ஆகும் என்று கேட்டால், கூட வேலை பார்த்தவருக்கு விரல் எடுத்த கதையை அவரே சொல்லக்கூடும். விட்டுப்போனதை மட்டும் "சொல்லட்டுங்களா?" என்று கேட்டுச் சொல்லி, "இதைக் கேட்டா என்ன தோணுது?" என்று முடியுங்கள். சாப்பாட்டுக்கும் இதே வழி. அரிசிம்பருப்பு சாதத்தை நிறுத்தச் சொன்னால் எந்த அம்மாவும் கேட்கப்போவதில்லை. எதை மாற்றமுடியும் என்று கேட்டால் "ராத்திரிக்கு ஒரு கரண்டி கம்மி பண்ணிக்கறேனுங்க" என்பார். சின்ன மாற்றம்தான், ஆனால் அவரே சொன்னது.

ஓ.பி. சீட்டில் "பேத்தி" என்று ஒரு வார்த்தை குறித்துவையுங்கள். அடுத்த மாதம் பிரஷர் பார்க்கும் நர்ஸ் அதிலிருந்தே பேச்சை ஆரம்பிக்கலாம். ஆய்வுகளில் இந்த முறையின் பலன் மிதமானதுதான். முதல் தடவையிலேயே பீடிக்கட்டைத் தூக்கி எறிவார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

நெஞ்சுவலி, காலில் ஆறாத புண் என்று வருகிறவரிடம் இதையெல்லாம் முயலவேண்டாம். உடனே என்ன செய்யணுமோ அதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அதேபோல "நாளைலேருந்து விடறேனுங்க, எப்படின்னு சொல்லுங்க" என்று வந்து நிற்பவரிடமும் பத்துக்கு எத்தனை என்று கேட்டுக்கொண்டிருக்காமல், வழியைச் சொல்லி அனுப்புங்கள்.