கணிதம் படித்த மகளுக்கு எந்த பி.எட்.?

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் ஐயா அவர்களுக்கு,

பி.எஸ்சி. கணிதம் முடித்த மகளை எந்தக் கல்லூரியில் பி.எட். சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். வகுப்புக்குப் போகாமலேயே தேர்வு எழுதலாம், முழுக் கட்டணத்தையும் ஒரே தவணையில் கட்டிவிட வேண்டும், பட்டத்துக்குப் பின் பட்டம் இருந்தால் வரன் பார்க்கவும் வசதி என்று உங்கள் மைத்துனர் ஒரு தனியார் கல்லூரியைச் சொல்வதாகவும், அதற்காக நகையை அடகு வைக்கப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதற்கு ஆறுதல் சொல்வதில் பயனில்லை. நகையை அடகு வைக்காதீர்கள்.

2015 முதல் பி.எட். இரண்டாண்டுப் படிப்பு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் விதிப்படி பாட வகுப்புகளுக்கு 80 விழுக்காடு, பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடு வருகை கட்டாயம். வராத மாணவிக்கு வருகை போடும் கல்லூரி பொய்க் கணக்கு எழுதுகிறது. அந்தப் பொய்யின் விலையைத்தான் உங்களிடம் கேட்கிறது. இரண்டாண்டு கழித்து நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கப்போவது மைத்துனர் அல்லர், உங்கள் மகள்.

வழக்கமான பி.எட்., தகுதித் தேர்வு, ஆசிரியர் தேர்வு வாரியம் என்ற வழி உங்களுக்குத் தெரிந்ததே. கடிதத்தின் இறுதியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு செய்தியே என்னை நிறுத்தியது: பார்வையற்ற பக்கத்து வீட்டுப் பையனுக்கு உங்கள் மகள் மாலைதோறும் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள், அதை விட மனமில்லை என்கிறாள். அவளுக்கு ஏற்றது மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் பயிற்சி தரும் சிறப்புக் கல்வி பி.எட்., அதிலும் பார்வைக் குறைபாட்டுப் பிரிவு.

இதுவும் இரண்டாண்டுதான், பட்டப் படிப்பில் 50 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். ஆறு புள்ளிகளால் ஆன, விரலால் தடவிப் படிக்கும் பிரெய்லி எழுத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும், கணிதத்துக்கென உள்ள நெமெத் குறியீட்டிலும் கற்பார்கள். எண்கோணத் துளைகள் கொண்ட டெய்லர் ஃபிரேம் என்னும் கணக்குப் பலகையில் உலோக அச்சை எட்டுத் திசைகளில் திருப்பி வைத்து எண்களைக் குறிக்கவும், வடிவியல் படங்களை விரலால் தடவி அறியும் மேடுகோடுகளாக வரையவும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கல்வித் திட்டம் வகுக்கவும் பழகுவார்கள். பார்வையற்ற பிள்ளைகள் கணிதத்தை விட்டு ஒதுக்கப்படுவது இன்னும் நடக்கிறது. அவர்களுக்கு அறிவில்லை என்பதாலன்று, சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர் இல்லாததால். கணிதப் பட்டதாரி ஒருவர் இப்படிப்புக்கு வருவது அதனாலேயே அத்தனை மதிப்புள்ளது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. தொடக்க வகுப்புகளில் பத்து மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் சிறப்பாசிரியர் வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றமும் கூறியது. ஆனாலும் சமக்ர சிக்ஷா என்னும் அரசின் பள்ளிக் கல்வித் திட்டத்தில் இப்பணிகள் பெரும்பாலும் தொகுப்பூதியத்தில்தான் நடக்கின்றன என்பதை மறைக்க மாட்டேன். நிரந்தர அரசு வேலை உடனே கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கல்லூரிக்கு, சிறப்புக் கல்விப் படிப்புகளை ஒழுங்குபடுத்தும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் ஒப்புதல், நீங்கள் கேட்கும் பிரிவுக்கும் சேரும் ஆண்டுக்கும் இருக்கிறதா என்று அக்குழுமத்தின் இணையதளத்தில் பாருங்கள். அந்த ஒப்புதல் இல்லாத பட்டத்தை வைத்துக் குழுமத்தில் பதிவெண் பெற முடியாது, பதிவின்றிப் பணியாற்றுவது 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கோயம்புத்தூர் பெரியநாயக்கன்பாளையத்தில் உள்ள ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா கல்வி நிறுவனத்தில் முதலில் விசாரியுங்கள். விடுதிச் செலவையும் சேர்த்து, நகையைத் தொடாமல் கட்டக்கூடிய தொகையா என்று எழுதிக் கணக்குப் பாருங்கள். ஆகாதென்றால் ஓராண்டு காத்திருந்து சேரலாம், கடன் வேண்டாம்.

அதற்கு முன் மகளை அழைத்துக்கொண்டு மதுரை சுந்தரராஜன்பட்டியில் உள்ள இந்தியப் பார்வையற்றோர் சங்கத்துக்குப் போய், அங்குள்ள பள்ளியில் ஒரு நாள் வகுப்பைப் பார்க்க அனுமதி கேளுங்கள். பார்த்தபின் அவள் வேண்டாம் என்றால் நானும் வற்புறுத்த மாட்டேன். மைத்துனர் சொன்ன கல்லூரியில் அசல் சான்றிதழ்களை ஏற்கெனவே கொடுத்திருந்தால் இந்த வாரமே நேரில் சென்று திரும்பப் பெறுங்கள். முன்பணம் எதுவும் கட்டாதீர்கள்.