கேர்னல் தொடங்காமல் நிற்பது: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்கும் என் மடிக்கணினியில், பழைய கேர்னலின் (இயங்குதளத்தின் மையக்கரு) அமைவுக் கோப்பையே வைத்துப் புதிய கேர்னலைத் தொகுத்து, மொடியூல்களையும் (தேவைப்படும்போது கேர்னல் ஏற்றிக்கொள்ளும் தனித் துண்டுகள்) நிறுவினேன். உருவான கேர்னல் கோப்பைப் பூட் அடைவுக்குள் கையால் பிரதிசெய்து, எந்தக் கேர்னலைத் தொடங்குவது என்று காட்டும் கிரப் பட்டியலைப் புதுப்பித்தேன். தொடங்கும்போது, ரூட் கோப்பு முறைமையை (இயங்குதளத்தின் கோப்புகள் இருக்கும் பகுதி) ஏற்ற முடியவில்லை என்று 'அன்நோன்-புளொக்(0,0)' என்ற வரியோடு நின்றுவிடுகிறது. தொகுக்கும்போது மின்சாரம் ஒருமுறை தடைப்பட்டது. அதனால் கேர்னல் பழுதாகியிருக்குமா? திரையின் படத்தை இணைத்துள்ளேன்.

வாசகர், கல்முனை

அன்புள்ள நண்பருக்கு,

மின்வெட்டின் மேல் நமக்கு ஆயிரம் முறைப்பாடுகள் உண்டு. இந்தப் பழியை மட்டும் அதன் தலையில் போட முடியாது. உங்கள் கேர்னல் விரிந்து, இயங்கி, வட்டைத் தேடும் இடம்வரை வந்துவிட்டது. படத்தில், 'கிடைக்கும் பகிர்வுகள் இவை' என்ற பொருளுள்ள ஆங்கில வரியின் கீழ் எதுவுமே இல்லை என்பதைக் கவனியுங்கள். வட்டே அதன் கண்ணில் படவில்லை.

டெபியனின் அமைவுக் கோப்பில் என்விஎம்இ வகை வட்டை இயக்கும் டிரைவரும், அதிலுள்ள கோப்புகளைப் படிக்க வேண்டிய ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையும் மொடியூல்களாகவே இருக்கின்றன. அந்த மொடியூல்கள் கிடப்பதோ, எந்த வட்டைத் திறக்க வேண்டுமோ அதே வட்டுக்குள். பெட்டிக்குள் திறப்பை வைத்துவிட்டுப் பெட்டியைப் பூட்டிய கதைதான். அவற்றை முன்கூட்டியே நினைவகத்துக்குக் கொண்டுவருவது இனிட்ராம்எஃப்எஸ் என்ற தொடக்கக் கோப்பு. 'மேக் இன்ஸ்டோல்' கட்டளையால் நிறுவியிருந்தால் டெபியன் அதனையும் தானே ஆக்கியிருக்கும். நீங்கள் கையால் பிரதிசெய்ததால் அந்தப் படி விடுபட்டுவிட்டது.

கிரப்பின் மேம்பட்ட தெரிவுகளில் பழைய கேர்னலைத் தெரிந்து உள்ளே சென்று, 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்' கட்டளையைப் புதிய கேர்னலின் பதிப்புப் பெயரோடு இயக்கி, கிரப் பட்டியலை மீண்டும் புதுப்பியுங்கள். (பழையதை நீக்கிவிடவில்லைதானே? இடம் போதவில்லை என்று ஒருமுறை நீக்கிவிட்டு, கல்லடியில் ஓர் இரவு முழுதும் யுஎஸ்பி தேடியலைந்தவன் நான்.)

இனிட்ராம்எஃப்எஸ் வேண்டாம் என்றால், கேர்னலின் அமைவை மாற்றும் மெனுகொன்ஃபிக் திரையில், அந்த டிரைவர், ஈஎக்ஸ்டி4 ஆகிய இரண்டின் முன்னும் (மொடியூல் என்பதைக் குறிக்கும்) 'எம்' இருக்கும் இடத்தில், கேர்னலுக்குள்ளேயே சேரும்படி நட்சத்திரக் குறியை இட்டுத் தொகுக்க வேண்டும். அப்படிச் செய்தபின் 'அன்நோன்-புளொக்' வரியில் பூச்சியங்களுக்குப் பதிலாக 259 எனத் தொடங்கும் எண் வந்தால், வட்டு தெரிகிறது, ஈஎக்ஸ்டி4 மட்டுமே இன்னும் உள்ளே சேரவில்லை என்று கொள்ளுங்கள்.