டிஷ்ஷுக்குத் துணையாக ஒரு கம்பி ஆன்டெனா

வாசகர் கேட்கிறார், மாடி மெக்கானிக் பதில் சொல்கிறார்

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டு டிஷ்ஷில் தமிழ்ச் சானல்களும் உள்ளூர் அமெரிக்கச் சானல்களும் சேர்ந்து வருகின்றன. சென்ற இலையுதிர்காலத்தில் கட்டணத் தகராறு என்று சொல்லி உள்ளூர் ஏபிசி சானலை இரண்டு வாரம் நிறுத்திவிட்டார்கள். என் கணவர் தட்டையான ஆன்டெனா ஒன்றை வாங்கி வந்து ஜன்னலில் ஒட்டினார். 2, 4, 5 எல்லாம் பளிச்சென்று வருகின்றன. வேண்டிய 7, அதாவது அந்த ஏபிசி மட்டும் வரவில்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார், "கூரையில் கம்பி ஆன்டெனா வைத்தால்தான் சரிப்படும்" என்கிறார். டிஷ்ஷும் ஆன்டெனாவும் ஒரே வீட்டில் ஒத்துப்போகுமா? குடியிருப்போர் சங்கம் அனுமதிக்குமா?
– ஒரு வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: உங்கள் மாமனாருக்கு முதலில் என் வணக்கம். அவர் எந்த ஊர் என்று நீங்கள் எழுதவில்லை. தஞ்சை, நாகைப் பக்கமாகத்தான் இருக்க வேண்டும். எண்பதுகளில் அங்கே தண்ணீர்க் குழாயை ஒன்றன்மேல் ஒன்றாக நட்டு, உச்சியில் ஆன்டெனாவைக் கட்டி, கடலுக்கு அப்பாலிருந்து வந்த இலங்கையின் ரூபவாஹினியைப் பிடித்துக்கொண்டிருந்தோம். நான் மாடியில் குழாயைத் திருப்புவேன். கீழேயிருந்து வீட்டுக்காரர் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஐயோ போய்விட்டது" என்று கத்துவார். வீட்டுக்கு இருபது ரூபாயும் ஒரு சொம்பு மோரும் கூலி.

இந்த நாட்டிலும் டிஷ்ஷும் ஆன்டெனாவும் பழைய ஜோடிதான். உள்ளூர் நிலையங்களை அந்தந்த ஊர் வாடிக்கையாளருக்கே செயற்கைக்கோள் வழியாகக் கொடுக்க வழிசெய்த சட்டம் 1999-இல்தான் வந்தது. அதுவரை டிஷ் வைத்தவர்களில் பலர் உள்ளூர்ச் செய்திக்காகக் கூரையில் ஆன்டெனாவையும் வைத்திருந்தார்கள். பிறகு எல்லாம் ஒரே பெட்டிக்குள் வந்துவிட்டதால் ஆன்டெனாவைக் கழற்றிப் போட்டார்கள். நிலையத்துக்கும் சேவை நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் முறியும்போதெல்லாம் அதன் அருமை தெரிகிறது.

இனி, 7 மட்டும் ஏன் வரவில்லை? திரையில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள். 2009 ஜூன் 12-இல் பெரிய நிலையங்கள் எல்லாம் டிஜிட்டலுக்கு மாறியபோது பல நிலையங்கள் வேறு அலைவரிசைக்குப் போய்விட்டன. பழகிய எண்ணை மட்டும் பெயர்ப்பலகை போல வைத்துக்கொண்டன. நியூயார்க்கில் 2 என்று தெரியும் சிபிஎஸ் உண்மையில் 36-இல், யுஎச்எஃப் என்ற நீளம் குறைந்த அலையில், ஒளிபரப்பாகிறது. அந்த அலையைப் பிடிக்கப் பத்து அங்குலக் கம்பி போதும். உங்கள் ஜன்னல் அட்டைக்கு அது எளிது. ஏபிசியோ இன்றும் அசல் 7-இலேயே இருக்கிறது. விஎச்எஃப் என்று நாம் அந்தக் காலத்தில் சொன்னோமே, அதே அலை. அதற்குக் கிட்டத்தட்ட மூன்றடிக் கம்பி வேண்டும். 11-ஐத் தேடிப் பாருங்கள், அதுவும் தகராறு செய்யும். அட்டையின் உறையில் "100 மைல் வரை பிடிக்கும்" என்று அச்சிட்டிருந்தால் சிரித்துவிட்டு வைத்துவிடுங்கள்.

ஆகவே மாமனார் சொன்னதில் கம்பி சரி, கூரைதான் தேவையில்லை. ஒளிபரப்புக் கோபுரங்கள் இருக்கும் மன்ஹாட்டன் உங்களிடமிருந்து சுமார் 30 மைல். விஎச்எஃப், யுஎச்எஃப் இரண்டுக்கும் கம்பி உள்ள நடுத்தர ஆன்டெனா ஒன்றை வாங்கிப் பரணில் வைத்து, முகத்தை வடகிழக்கே திருப்புங்கள். கூரைக்கு அடியில் அலுமினியத் தாள் ஒட்டியிருந்தால் மட்டும் பரண் உதவாது. அப்போது வெளியில்தான் வைக்க வேண்டும். எர்த் கம்பியை மறக்கக் கூடாது.

சங்கத்துக்குப் பயப்பட வேண்டாம். உங்களுக்கே உரிய இடத்தில் டிவி ஆன்டெனா வைப்பதைச் சங்கம் தடுக்க முடியாது என்று மத்தியத் தகவல்தொடர்பு ஆணையத்தின் 1996-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. சொந்தக் கூரை, சொந்த பால்கனி என்றால் கவலையில்லை. அடுக்குமாடியின் பொதுக் கூரைக்கு இந்தச் சலுகை கிடையாது.

இணைப்புக்கு வருவோம். ஆன்டெனா கேபிளை டிவியின் பின்னால் உள்ள ஆன்டெனா துளையில் நேரடியாகச் செருகலாம். 2007-க்குப் பின் இங்கே விற்கப்பட்ட டிவி என்றால் ட்யூனர், அதாவது டிஜிட்டல் சானலைப் பிடிக்கும் கருவி, உள்ளேயே இருக்கும். இதில் செலவில்லை. ஆனால் தமிழ்த் தொடரிலிருந்து ஃபுட்பாலுக்குப் போக ரிமோட்டை மாற்ற வேண்டும். மாமனாரும் மகனும் இருக்கும் வீட்டில் இது சண்டைக்கு விதை. சில செயற்கைக்கோள் பெட்டிகளுக்கு யுஎஸ்பியில் செருகும் தனி ட்யூனர் விற்கிறார்கள். அதைப் போட்டால் ஆன்டெனா சானல்களும் அதே பட்டியலில் வரும், பதிவும் செய்யலாம். உங்கள் பெட்டியின் மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டுவிட்டு வாங்குங்கள். எந்த வழியானாலும் ஆன்டெனாவுக்குத் தனிக் கேபிள் இழுங்கள். ஒரே கேபிளில் இரண்டையும் கலக்கும் டிப்ளெக்சர் பழைய பெட்டிகளுக்குப் பொருந்தியது. இன்றைய சில பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள டிவி அலைவரிசையையே பயன்படுத்துவதால் குழப்பம் வரும்.

கடும் மழையில் டிஷ் படம் உறைந்து நிற்கும்போது ஆன்டெனா படம் ஓடிக்கொண்டிருப்பதையும் அப்போது பார்ப்பீர்கள். உள்ளூர்ச் சானல்களைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டால் கட்டணம் குறையுமா என்றும் கேட்டு வையுங்கள்.

கேள்வி: நாங்கள் செர்ரி ஹில்லில் இருக்கிறோம். எங்களுக்குப் பிலடெல்பியாவின் 6 வரவில்லை. மேலே சொன்ன ஆன்டெனாவே போதுமா?
– வேறொரு வாசகர்

பதில்: போதாமல் போகலாம். உங்கள் ஏபிசி அசல் 6-இல் வருகிறது. அதற்கு ஏறக்குறைய ஆறடிக் கம்பி வேண்டும். பல புதிய ஆன்டெனாக்கள் 7-க்குக் கீழே இறங்குவதே இல்லை. நீங்கள் கோபுரத்துக்கு அருகில் இருப்பதால் பழைய "முயல் காது" ஒன்றை வாங்கி, இரண்டு கம்பிகளையும் மூன்றடி நீளத்துக்கு இழுத்துக் கிடையாக விரித்துப் பாருங்கள். பிறகு டிவியில் சானல் தேடலை மீண்டும் ஒருமுறை ஓட்டுங்கள்.